கைவேலை தெரிந்தவரும் வரைபடத்தோடு வருபவரும்

இடம்பெயரும் குடும்பம் எதை எடுத்துச் செல்லும், எதை விட்டுச் செல்லும் என்பது எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிணற்றைத் தூக்கிச் செல்ல முடியாது. விதைநெல் மூடையைக் கொஞ்சத் தூரம் கொண்டு போகலாம். பிறகு அதையும் குற்றி அவிக்க வேண்டி வரும். மாடுகள் வழியிலே சிதறிப்போகும். ஆனால் பெட்டி இழைக்கத் தெரிந்த கையும், தறி மிதித்துப் பழகிய காலும், மண் பிசைந்த விரலும் ஆளோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. காணி உறுதி தொலைந்த குடும்பத்திலும் இது தொலைவதில்லை.

இதனை நாடி வருவோரும் உண்டு. 2009 இல் போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த வாழ்வாதாரத் திட்டங்களில் கோழிக்கூடு, தையல் இயந்திரம் ஆகியவற்றோடு கைப்பணியும் இடம்பிடித்தது. அத்தகைய திட்டங்கள் சிலவற்றில் ‘வடிவமைப்பாளர்’ என்று ஒருவர் அழைத்து வரப்படுவார். நகரத்திலோ வெளிநாட்டிலோ கலை பயின்றவர். மூன்று வாரமோ ஒரு மாதமோ கிராமத்தில் தங்குவார். கைவேலைக்காரரோடு இருந்து, பழைய பொருளைப் புதிய சந்தைக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டுவார். படங்கள் எடுக்கப்படும், கண்காட்சி நடைபெறும், பின்னர் அவர் போய்விடுவார். அவர் போன பின் அந்த வீட்டில் என்ன எஞ்சுகிறது? இந்தக் கேள்வியைத்தான் நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். கைப்பணியையே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய கேள்வி அல்ல.

வெளியார் ஏன் வரவேண்டும்?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படி ஒருவர் வருவது வீண் வேலை அல்ல. எமது கைப்பொருள்களை வாங்கியவர் எமது அயலவரே. கடகம் மண் சுமக்கவும் நெல் அள்ளவும் வேண்டியிருந்தது. நீத்துப்பெட்டி பிட்டு அவிக்க வேண்டியிருந்தது. வாங்குபவரின் தேவை இழைப்பவருக்குத் தெரியும், ஏனெனில் அவர் வீட்டிலும் அதே தேவை இருந்தது. பிளாஸ்ரிக் கூடையும் அலுமினியப் பாத்திரமும் வந்தபோது அந்த அயலவர் சந்தையை விட்டு விலகிவிட்டார். இன்று வாங்கக்கூடியவர் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார். அவர் வீட்டு மேசை எவ்வளவு அகலம், எந்த நிறத்தை அவர் விரும்புவார், எதற்குப் பணம் கொடுப்பார் என்பதை வன்னியில் இருக்கும் ஒருவர் எப்படி அறிவார்? அந்த அறிவு வடிவமைப்பாளரிடம் உண்டு.

ஆனால் ஓலையைப் பற்றிய அறிவு அவரிடம் இல்லை. குருத்தோலை எவ்வளவு காய்ந்தால் வார்வதற்குப் பதம், எந்த மடிப்பில் வெடிக்கும், சார்வோலையை எங்கே பயன்படுத்த வேண்டும் என்பவை இழைப்பவருக்கே தெரிந்தவை. இரண்டு அறிவும் ஒரு திண்ணையில் சந்திக்கும்போது பேச்சு இப்படித்தான் போகும்:

“அக்கா, இந்த விளிம்பைக் கொஞ்சம் மெல்லிசாக்கினால் வடிவாய் இருக்கும்.”

“மெல்லிசாக்கலாம் பிள்ளை. ரெண்டு மாசத்திலே பிஞ்சு போகும். பிறகு வாங்கினவன் என்னைத்தானே பேசுவான்.”

இந்தப் பேச்சு நடந்தால் நல்லது. பல இடங்களில் அது நடப்பதே இல்லை. வரைபடம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு வருகிறது. அக்காவின் பங்கு அதைச் செய்து முடிப்பது மட்டுமே. கையை மட்டும் அழைத்து, தலையை வீட்டில் விட்டு வா என்று சொல்வதற்கு இது ஒப்பாகும்.

கட்ச் அகதிகளின் ஊசிவேலை

இவ்விடயத்தில் நீண்ட அனுபவமுள்ள ஒரு பிரதேசத்தை எடுத்துப் பார்ப்போம். இந்தியாவின் மேற்கு ஓரத்தில், குஜராத் மாநிலத்தில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிக் கிடப்பது கட்ச் மாவட்டம். உப்புநிலமும் முட்பற்றையுமான வரண்ட பூமி. மழை பொய்ப்பது அங்கே வழக்கம். மக்கள் கால்நடை வளர்ப்பும் மானாவாரிப் பயிரும் செய்வார்கள். கூடவே நெசவு, சாயவேலை, ஊசிவேலை எனப் பல கைப்பணிகளையும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள்.

1969 இல் கட்ச்சில் கடும் வரட்சி. தனேதி என்னும் கிராமத்தில் நிவாரண உணவு வழங்கப்பட்ட காலத்தில், சந்தா ஷ்ரோஃப் என்ற பெண்மணி அங்கு சென்றார். அவ்வூர்ப் பெண்கள் தானத்தை விட வேலையையே விரும்பினர். அவர்கள் உடுத்திருந்த சட்டைகளின் பூவேலையைக் கவனித்த அவர், முப்பது சேலைகளைக் கொடுத்து அதே வேலையைச் செய்விக்கச் செய்தார். அவை விற்றன. ‘ஷ்ருஜன்’ என்ற அமைப்பு இவ்வாறே தொடங்கியது. பிற்காலத்தில் அவர், ஒவ்வொரு சமூகத்தின் ஊசிவேலை வகைகளையும் தேர்ந்த கைகளால் ஆயிரம் அளவான துணிப்பலகங்களில் செய்வித்து, அவற்றை ஒரு வாகனத்தில் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்று காட்டினார். மறந்துபோன தையலைப் பெண்கள் தம் கண்ணாலேயே பார்த்து மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். இம்முயற்சிக்கு 2006 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வெளியிலிருந்து புதியதைக் கொண்டு வருவதற்கு முன்பு உள்ளூரில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார் என்பதை நாம் இங்கே கவனிக்கிறோம்.

எமது வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1971 இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே போர் மூண்டது. சிந்து மாகாணத்தின் தார்பார்க்கர் பகுதியிலிருந்து இந்துக் குடும்பங்கள் பல எல்லையைக் கடந்து கட்ச்சுக்கு வந்தன. நிலத்தையும் மந்தையையும் விட்டு வந்தவர்கள். முகாம்களில் இருந்து பின்னர் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் குடியேறிய ஊர்களில் ஒன்று இன்றும் ‘சூரா முகாம்’ என்றே அழைக்கப்படுகிறது. முகாம் என்ற சொல் ஒரு ஊரின் பெயரோடு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பது எமக்குப் புதிதல்ல.

அப்பெண்கள் கூடவே கொண்டு வந்தது ‘சூஃப்’ எனப்படும் ஊசிவேலை. முக்கோணங்களை அடுக்கி அமைக்கும் வேலை இது. துணியில் முன்கூட்டிக் கோடு எதுவும் கீறப்படுவதில்லை. பாவிழையையும் ஊடிழையையும் எண்ணி எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்து ஊசியைச் செலுத்துவார்கள். முன்பக்கம் எப்படி வரும் என்பது தைப்பவளின் மனதில் மட்டுமே இருக்கும். கணக்கும் கற்பனையும் சேர்ந்த வேலை.

இப்போது நினைத்துப் பாருங்கள். இத்தகைய பெண்ணிடம் ஒருவர் கடதாசியில் வரைந்த பூவைக் கொடுத்து, ‘இதைத் தை’ என்றால் என்ன ஆகும்? அவளால் தைக்க முடியும். ஆனால் எண்ணிக்கைக்கு அங்கு வேலையில்லை. அவளது உண்மையான திறமை துணிக்கு வெளியே நின்றுவிடும். கோட்டின் மேல் ஊசி ஓட்ட எவராலும் முடியும் ஆகையால் கூலியும் இறங்கும். வடிவமைப்பாளர் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. தமக்குத் தெரிந்த வழியில் உதவுகிறார், அவ்வளவே. விளைவு மட்டும் மாறிப்போகிறது.

படித்தவரிடம் கற்ற கைவினைஞர்

சும்ராசர் என்ற கிராமத்தில் குடியேறிய இந்தப் பெண்களோடு சேர்ந்தே 1993 இல் ‘கலா ரக்ஷா’ என்ற அறநிலையம் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியோரில் ஒருவர் ஜூடி ஃப்ரேட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி. கட்ச்சின் ஊசிவேலைகளை நீண்ட காலம் ஆராய்ந்தவர். கிராமத்திலேயே ஒரு சிறு நூதனசாலை அமைத்து, பழைய துணிகளைச் சேர்த்து வைத்தார்கள். கைவேலைக்காரப் பெண்கள் புதியது செய்யுமுன் அங்கு சென்று தம் பாட்டிமாரின் வேலையை எடுத்துப் பார்க்கலாம். வேலைக்கு எவ்வளவு நேரம் சென்றது, என்ன விலை என்பதைத் தீர்மானிப்பதிலும் பெண்களே பங்கு கொண்டனர்.

ஆயினும் வடிவமைப்பாளர் வருவதும் போவதும் அங்கும் நடந்தது. பல ஆண்டு அனுபவத்தின் பின் ஜூடி ஃப்ரேட்டர் ஒரு மாறான கேள்வியைக் கேட்டார். படித்தவரை வரவழைத்துக் கைவினைஞருக்காக வடிவமைப்பதற்குப் பதில், கைவினைஞரையே வடிவமைப்பாளராக ஆக்கினால் என்ன? 2005 இல் ‘கலா ரக்ஷா வித்யாலயா’ தொடங்கியது. மாணவர்கள் யாவரும் தொழிலில் உள்ள நெசவாளர், சாயக்காரர், ஊசிவேலைக்காரர். பாடசாலைப் படிப்பு எவ்வளவு என்று கேட்கப்படவில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வகுப்புகள் தனித்தனி. வெளியிலிருந்து வடிவமைப்பாளர்கள் வந்து தங்கிக் கற்பித்தார்கள். நிறம், அமைப்பு, சந்தை, எண்ணத்தைப் பொருளாக்குதல், ஒரு தொகுதியாகப் பல பொருள்களை ஆக்குதல், அவற்றை வாங்குவோர் முன் எடுத்துரைத்தல் என்பன பாடங்கள்.

இப்பாடநெறியின் கால அமைப்பு எமக்கு மிகவும் பிடித்தது. ஓராண்டில் ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம். இடையில் வீட்டுக்குப் போய்த் தொழிலைச் செய்யலாம். கற்றதைத் தறியிலும் துணியிலும் செய்து பார்த்து, அதைக் கொண்டு அடுத்த வகுப்புக்கு வரலாம். உழைத்தால்தான் அடுப்பெரியும் வீட்டிலிருந்து ஒருவரை ஓராண்டு பிரித்தெடுக்க முடியாது என்பதைத் தெரிந்தவர்கள் அமைத்த நேர அட்டவணை இது. எமது பக்கத்தில் ஐப்பசி விதைப்பின் நடுவிலும் மாசி அறுவடையின் நடுவிலும் பயிற்சி வைத்துவிட்டு, ‘ஆட்கள் வரவில்லை’ என்று அறிக்கை எழுதுவோர் இதைக் கவனிப்பார்களாக.

2014 இல் ஃப்ரேட்டர் அடிப்பூர் என்ற இடத்தில் ‘சோமையா கலா வித்யா’ என்னும் நிறுவனத்தின் மூலம் இதே கல்வியைத் தொடர்ந்தார். இப்பள்ளிகளில் கற்ற நெசவாளரும் சாயக்காரரும் இன்று தம் பெயரிலேயே சேலைகளையும் சால்வைகளையும் விற்கிறார்கள். எல்லோரும் முன்னேறிவிட்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சொந்தத் தறி, கடன் வாங்கும் வசதி, வெளியூர் போகும் சுதந்திரம் ஆகியன உள்ள நெசவாளக் குடும்பத்து ஆணுக்கு இக்கல்வி ஒரு விதமாகவும், வீட்டை விட்டு வெளியேறுவதற்கே அனுமதி கேட்க வேண்டிய ஊசிவேலைப் பெண்ணுக்கு வேறு விதமாகவும் பயன்படும் அல்லவா? ஆனால் வாங்க வந்தவர் ‘இதை இப்படி மாற்று’ என்றால், ‘ஏன்?’ என்று திருப்பிக் கேட்கும் துணிவு இருபாலாருக்கும் உதவும்.

தண்ணீரைப் பார்த்துத் தெரிந்த ஊர்

கட்ச்சில் இன்னொரு கூட்டத்தாரும் இடம்பெயர்ந்தார்கள். அவர்களை விரட்டியது போர் அல்ல, நிலமும் நீரும்.

கத்ரி எனப்படும் முஸ்லிம் சாயக்காரர் சிந்து நாட்டிலிருந்து 16 ஆம் நூற்றாண்டளவில் கட்ச் மன்னரின் அழைப்பில் வந்தவர்கள். சாயத்தொழிலுக்கு ஓடும் நீர் வேண்டும். ஆகவே ஆற்றோரமாகத் தமட்கா என்ற ஊரில் அமர்ந்தார்கள். அவர்கள் செய்யும் துணிக்கு ‘அஜ்ரக்’ என்று பெயர். மர அச்சினால் பதித்து நீலமும் சிவப்பும் கறுப்புமாக ஆக்கப்படுவது. சிறந்த துணியில் இரு பக்கமும் ஒன்றுபோலப் பதிந்திருக்கும்.

செய்முறையைச் சிறிது சொல்வோம், ஏனெனில் இதில் எமது பெண்களுக்குத் தெரிந்த பொருள்கள் பல உண்டு. துணியை ஆமணக்கெண்ணெய், காரம், சாணம் ஆகியவற்றில் ஊறவைத்துத் துவைப்பார்கள். பின் கடுக்காய் நீரில் தோய்ப்பார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையை அச்சினால் பதிப்பார்கள். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு பல நாள் புளிக்க வைத்த நீரைப் பதித்தால், கடுக்காய் ஏறிய துணியில் அது கறுப்பாகும். (அக்காலத்து எழுத்து மையும் இதே இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த முறையில் ஆக்கப்பட்டதே.) சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம். அதன்பின் அவுரி நீலத்தில் தோய்ப்பு. இறுதியில் மஞ்சிட்டி வேரோடு கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் சிவக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் கழுவுதலும் வெயிலில் உலர்த்துதலும் உண்டு. எல்லாமாகப் பதினான்குக்கு மேற்பட்ட படிகள்.

வேரிலிருந்து சிவப்பு எடுப்பது எமது மண்ணுக்கும் அந்நியமல்ல. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் கிண்டுவது ஒரு தனித் தொழிலாக இருந்தது. அந்த வேர் கம்பனியின் ஏகபோகத்துள் அடங்கியது. கிண்டியவர்களுக்கு அதனால் கிடைத்த பங்கு அற்பமே.

தமட்காவுக்குத் திரும்புவோம். அஜ்ரக் துணியை வாங்கியவர் அக்கம்பக்கத்து இடையர். மலிவான ஆலைத்துணியும் செயற்கை இழையும் வந்து அச்சந்தையைக் கொண்டுபோயின. இரசாயனச் சாயம் இலகு என்று பலர் அதற்கு மாறினர். 1970களில் முகமது சித்திக் கத்ரி என்ற முதியவர் பழைய தாவரச் சாயங்களை மீண்டும் கையிலெடுத்துத் தம் மூன்று மக்களுக்கும் கற்பித்தார். அதே காலத்தில் குஜராத் அரசின் கைப்பணிக் கூட்டுத்தாபனம், ‘குர்ஜரி’ என்ற விற்பனை நிலையங்களுக்காக வடிவமைப்பாளர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியது. 1961 இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவகத்திலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். அவர்கள் நகரத்து வீட்டுக்கு ஏற்ற துணிகளைக் கேட்டார்கள். அச்சுகள் பழையவை, சாயம் பழையது. அளவும் பயனும் புதியவை. இச்சந்திப்பு பலன் தந்ததற்கு எமது பார்வையில் ஒரு காரணம் உண்டு. வந்தவர்கள் வந்தபோது முதியவர் தம் தொழிலைக் கரைத்துக் குடித்தவராக இருந்தார். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்தார்.

பின்னர் ஆறு வற்றியது. குழாய்க்கிணறு ஆழம் ஆழமாகப் போக, நீரில் இரும்பு கூடியது. வன்னியில் சில கிணற்று நீரில் வெள்ளைத் துணி துவைத்தவர்களுக்கு இது என்ன செய்யும் என்று தெரியும். கடுக்காயில் தோய்ந்த துணிக்கு இரும்பு நீர் இன்னும் கேடு, நிறமெல்லாம் மங்கிவிடும். இந்நிலையில் 2001 சனவரி 26 இல் பெரும் பூகம்பம். தமட்காவில் வீடுகள் இடிந்தன. முகமது சித்திக்கின் மகன் இஸ்மாயில் முகமது கத்ரி முதலியோர் முன்னின்று, புஜ் நகருக்குக் கிழக்கே நல்ல நீர் உள்ள இடத்தில் காணி வாங்கிப் புதிய ஊர் ஒன்றை அமைத்தார்கள். ஊருக்கு ‘அஜ்ரக்பூர்’ என்று தொழிலின் பெயரையே சூட்டினார்கள். எல்லோரும் போகவில்லை, தமட்காவிலேயே தங்கித் தொழில் செய்வோர் இன்றும் உண்டு. 2003 இல் இங்கிலாந்தின் டி மொன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இஸ்மாயில் கத்ரிக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. இப்போது உலகெங்குமிருந்து வடிவமைப்பாளர்கள் அஜ்ரக்பூருக்குச் சென்று தங்குகிறார்கள், ஆனால் கற்றுக்கொள்வதற்காக.

பூகம்பத்துக்குப் பின் 2005 இல் அவ்வூருக்கு அருகே ‘கமீர்’ என்ற நிலையமும் எழுந்தது. அவர்களது முயற்சிகளில் விவசாயிகளாகிய எமக்கு மிகவும் சுவையானது காலா பருத்தி. மழையை மட்டும் நம்பி, பசளையும் மருந்தும் இல்லாமல் கட்ச்சில் விளையும் பழைய பருத்தி இனம். இழை குட்டையாதலால் ஆலைகள் விரும்புவதில்லை. ஆகவே விலையும் இல்லை. உழவரையும் நூற்போரையும் நெசவாளரையும் வடிவமைப்பாளரையும் ஒன்றிணைத்து, அந்தப் பருத்தியிலேயே துணி நெய்யச் செய்தார்கள். கைப்பணித் திட்டம் ஒன்று வயலில் இருந்து தொடங்கக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எமது தீவிலே

இலங்கையில் இவ்வகைச் சந்திப்பு ஒன்றைத் தொடக்கிவைத்தவர்கள் கன்னியர் என்பதை எமது வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். நல்லாயன் சபைச் சகோதரிகள் தம் மடங்களில் ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கைத்தறி கற்பித்து வந்தார்கள். நெய்த துணி விற்கவேண்டுமே! சபையின் தலைவியாக இருந்த அயர்லாந்துக் கன்னிகையான மதர் குட் கவுன்சில், கொழும்பில் ஓவியராக இருந்த பார்பரா சன்சோனியை அணுகி, நிறமும் கோலமும் அமைத்துத் தருமாறு கேட்டார். கண்டியில் 1928 இல் பிறந்து கொடைக்கானலிலும் இலண்டனிலும் கற்றவர் அவர். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எத்தனை இழை என்று அவர் அமைத்த கோடுகளே அத்துணிகளை வேறுபடுத்தின. 1960களில் அது ‘பெயார்ஃபுட்’ என்ற நிறுவனமாக வளர்ந்தது. 2022 இல் தமது 94 ஆவது வயதில் அவர் காலமானார். நெசவுப் பெண்கள் அங்கு வடிவமைப்பாளர்களாக ஆகவில்லை. நிறத்தைத் தெரிந்தவர் அவரே. ஆனால் அவர் மூன்று வாரத்தில் போகவுமில்லை. ஆறு தசாப்தங்களாகத் தறிகளுக்கு வேலை இருந்திருக்கிறது.

மாத்தளையின் அலுவிகாரையைச் சேர்ந்த ஏனா டி சில்வாவும் இவ்வாறே. 1960களில் கொழும்பில் பற்றிக் துணிக்குப் புதுவாழ்வு கொடுத்தவர். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் பெந்தோட்டை ஹோட்டல் விதானத்தில் அவர் பற்றிக் துணிகளே பொருத்தப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பி, அவ்வூர்ப் பெண்களைக் கொண்டு பற்றிக்கும் ஊசிவேலையும், அத்தோடு பித்தளை வார்ப்பும் மரவேலையும் நடத்தினார். 2015 இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

ஆக, இரண்டு வழிகள் பலன் தந்ததை நாம் காண்கிறோம். ஒன்று, வடிவமைப்பாளர் தம் வாழ்நாளையே அங்கு வைத்துவிடுவது. மற்றது, அவர் போய்விட்டாலும் அவரது அறிவு கைவினைஞரிடம் தங்குமாறு கற்பித்துவிட்டுப் போவது. வாழ்நாளை வைக்க எல்லோராலும் முடியாது; அதைக் கேட்பதும் நியாயமல்ல. ஆனால் குறுகிய காலம் வருபவரிடம் இரண்டாவதைக் கேட்க எமக்கு உரிமை உண்டு.

ஓலைப்பையும் ஒப்பந்தக் கடதாசியும்

எமது பெண்கள் சங்கங்களில் இப்படியும் நடப்பதுண்டு. ஒரு மாதிரிப் பை வரும். நன்றாகவே இருக்கும். ‘இதுபோல நூறு’ என்பார்கள். ஓலை எடுத்து, காயவைத்து, வார்ந்து, சாயம் போட்டு, இரவு விளக்கில் இழைத்துக் கொடுப்பார்கள். திட்டக்காலம் முடிந்ததும் அடுத்த கட்டளை வராது. அந்தப் பை கிராமத்தில் எவருக்கும் உதவாது. யாருக்கு விற்றார்கள், என்ன விலைக்கு விற்றார்கள் என்பது இழைத்தவருக்குத் தெரியாது. முன்பணம் தந்த முதலாளியே வெங்காயத்தின் விலையையும் சொல்வது போன்ற நிலைதான்.

ஆகையால், வருபவரை வரவேற்று இருத்தித் தேநீர் கொடுக்கும்போதே சிலவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. வாங்குபவர் யார்? அவரோடு நாங்கள் நேரே பேசலாமா? மாதிரியை மாற்ற வேண்டி வந்தால் எப்படி மாற்றுவது என்று எங்களுக்குக் காட்டித் தருவீர்களா? இப்பொருளில் யார் பெயர் இருக்கும்? கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல வடிவமைப்பாளர் இக்கேள்விகளை விரும்புவார்.

விலையைப் பற்றி ஒரு சொல். நாளைக் கணக்கிடுங்கள். ஓலை வார்ந்த நேரமும், சாயம் காய்ச்சிய நேரமும், விறகும் அந்தக் கணக்கில் சேரவேண்டும். அதே நாட்களில் தோட்டத்தில் களை பிடுங்கப் போயிருந்தால் என்ன கூலி கிடைத்திருக்குமோ, அதற்குக் கீழே இறங்கும் விலை விலையே அல்ல. பலர் ‘வீட்டில் இருந்து சும்மா செய்ததுதானே’ என்று தம் உழைப்பைத் தாமே கழித்துவிடுகிறார்கள். அப்படிக் கழித்ததை வாங்குபவர் திருப்பிக் கூட்டப்போவதில்லை.

கையெழுத்திடுமுன் கடதாசியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, புதிதாக ஆக்கிய வடிவம் ஒன்றைப் பதிவு செய்து உரிமை பெறலாம். ஒப்பந்த வேலையாக ஆக்கப்பட்டதாயின், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், அந்த உரிமை வேலை கொடுத்தவரையே சேரும். இருவரும் சேர்ந்து ஆக்கியதென்றால் அதை எழுத்தில் வைக்கச் சொல்வது அவசியம். மறுபுறம், பதிவுக்குரியது புதிய வடிவம் மட்டுமே. எமது பாட்டிமார் இழைத்த கடகத்தின் கோலத்தை எவரும் தம் புதிய ஆக்கம் என்று உரிமை கோர இடமில்லை. ஆனால் அது பழையது என்று காட்டுவதற்கு எம்மிடம் சான்று இருக்கவேண்டும்.

இங்கேதான் சிக்கல். இடம்பெயர்வுகளில் வீட்டுச் சாமான்களோடு பழைய பெட்டிகளும் பாய்களும் அழிந்துவிட்டன. சும்ராசரில் உள்ளது போல எடுத்துப் பார்க்க ஒரு சேகரிப்பு பெரும்பாலான எமது கிராமங்களில் இல்லை. ஆயினும் இழைக்கத் தெரிந்த முதிய தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். கொட்டப்பெட்டி, நீத்துப்பெட்டி, மூடுபெட்டி, நார்க்கடகம், பின்னற்பாய் என ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியை அவர்களைக் கொண்டு செய்வித்து, செய்தவர் பெயரையும் ஊரையும் எழுதி, பங்கு மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ ஓர் அலுமாரியில் வைக்கலாம். அந்த வேலைக்குக் கூலி கொடுக்கப்படவேண்டும். இளையோர் பக்கத்தில் இருந்து படம் பிடித்துக்கொள்ளலாம்.

1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், 1982 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான தேசிய அருங்கலைகள் பேரவையும் தேசிய வடிவமைப்பு நிலையமும் இத்துறைக்கென உள்ள அரச நிறுவனங்கள். பயிற்சியோ கண்காட்சியோ வேண்டும் சங்கங்கள் தத்தம் பிரதேச செயலகத்தின் ஊடாக இவற்றை அணுகலாம். எழுதும்போது, பயிற்சி எந்த மாதத்தில் வேண்டும் என்பதையும் நீங்களே குறிப்பிடுங்கள். அறுவடை முடிந்து சூடு அடித்து நெல் வீடு வந்த பிறகு என்று.